ஒரு யூனிட் மின்சாரத்தின் கணக்கு

நம் வீடுகளில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செழும்போது மருத்துவம், பொறியியல் என்ற இரு சொற்களே முந்தி நிற்கின்றன. பொருளாதாரம் என்றால் வங்கி வேலை, ஆசிரியர் வேலை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எரிசக்திப் பொருளாதார நிபுணனாகப் பணியாற்றி வருகிறேன். "அங்கே உனக்கு என்னதான் வேலை?" என்று உம்மா முதல் உறவினர் வரை கேட்காதவர் இல்லை. அதற்கு விடையே இக்கட்டுரை.

1998ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டமும் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் இத்துறைக்கு வாசல் திறந்தன. வாரியமும் அரசுமே கட்டணத்தை முடிவு செய்து வந்த நிலை மாறியது. செலவுக் கணக்கை ஆணையத்தின் முன் வைக்க வேண்டும். பொதுமக்களின் கருத்தை அறிந்த பின்னரே கட்டணம் நிர்ணயிக்கப்படும் என்றாயிற்று. நிலக்கரிக்கு எவ்வளவு, கடன் வட்டி எவ்வளவு, மின்கம்பியில் வீணாவது எவ்வளவு என ஆராய ஆட்கள் தேவைப்பட்டனர்.

முதல் சில ஆண்டுகள் புள்ளிவிவரம் திரட்டி அட்டவணை நிரப்புவதே வேலை. அடுத்து வருங்காலத் தேவையையும் விலையையும் கணிப்பது, அறிக்கை எழுதுவது. அனுபவம் முதிர்ந்தால் ஒரு குழுவை நடத்துவது. புள்ளியியலோடு, மின்நிலையம் இயங்கும் முறையையும் சட்டத்தையும் கற்றாக வேண்டும்.

கணிப்பது எளிதன்று. தேசிய சூரிய மின் திட்டத்தின் கீழ் 2010ஆம் ஆண்டு நடந்த முதல் ஏலத்தில் ஒளிமின்னழுத்த நிலையங்களுக்கான மிகக் குறைந்த விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் 95 காசு. 2017ஆம் ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் அது 2 ரூபாய் 44 காசாக இறங்கியது. மின் கொள்முதல் ஒப்பந்தமோ பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கானது. கணிப்புப் பிழைத்தால் அந்தச் சுமை கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் தலையில்தான் விழும்.

ஒருமுறை, சூரிய மின்நிலையம் ஒன்றிற்கு வங்கிக் கடன் பெறுவதற்கான அறிக்கையைத் தயாரித்தேன். அவ்விடத்து வெயிலைக் கொண்டு கணக்கிட்டால், ஆண்டு உற்பத்தி முழுத்திறனில் 19 விழுக்காடுதான் தேறியது. "21 என்று எழுதிவிடுங்கள்" என்றார் வாடிக்கையாளர். வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டொன்றுக்கு 1,75,200 யூனிட் அது! உற்பத்தியாகாத மின்சாரத்தை விற்றுக் கடனை அடைக்க இயலுமா? வங்கியில் இருப்பது மக்களின் சேமிப்பல்லவா? 19 என்றே எழுதிக் கொடுத்தேன். அவர் மீண்டும் எங்களிடம் வரவில்லை. அவ்வாண்டு நான் எதிர்பார்த்திருந்த பதவி உயர்வும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்தே அது கிட்டியது.

உங்கள் மகனோ மகளோ பொருளாதாரம் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். ஊதியம் எவ்வளவு என்று விசாரியுங்கள். அது பெற்றோரின் உரிமை. அதனுடன், பிறர் கேட்கும் எண்ணை எழுத மறுக்கும் துணிவு உண்டா என்றும் அப்பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்.