இருளோடு முடியும் செபம்

வெள்ளிக்கிழமைதோறும் கட்டளைச் செபத்தின் இரவுப் பகுதியில் 88ஆம் திருப்பாடல் வரும். புலம்பல் பாடல்களுள் பெரும்பாலானவை இறுதியில் நம்பிக்கைக்கோ நன்றிக்கோ திரும்பிவிடும். இதுவோ திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் இதன் கடைசிச் சொல்லே இருள்தான். குருமடத்தில் பயின்றபோது எனக்கு இது ஓர் இலக்கிய வகை, அவ்வளவே.

மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய் ஒருவர் என்னிடம், "சாமி, செபிக்க வாயத் திறந்தா ஆண்டவரோட சண்டைதான் வருது. பாவமா?" என்று கேட்டார். விளக்கம் கூறாமல் இத்திருப்பாடலை மெல்ல வாசித்தேன். ஆண்டவரே தம்மைத் தள்ளிவிட்டதாகவும், நண்பரையும் தம்மைவிட்டு விலக்கியதாகவும் ஆசிரியர் அவரிடமே முறையிடும் இடம் வந்தது. "இதுவும் பைபிள்லயா இருக்கு?" என்றார் அந்த அம்மா.

இருக்கிறது, அன்பர்களே. எவரும் அதை நீக்கிவிடவில்லை. இத்தனை குற்றம் சாட்டுபவர் ஓரிடத்திலேனும் ஆண்டவரைப் படர்க்கையில் வைத்துப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். தொடக்கம்முதல் முடிவுவரை 'நீர்', 'உம்மை' என்னும் முன்னிலைதான். கோபம் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் இல்லை.

வாசித்து முடித்ததும், வழக்கம்போல் ஆறுதல் மொழி ஒன்றைச் சேர்க்க என் நா எழுந்தது. பாடலே சேர்க்கவில்லையே என்று அடங்கினேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

"இன்னொரு தடவ வாசிங்க, சாமி" என்றார். வாசித்தேன்.