கரிக்குள் வைத்த உப்பு

பாறசாலையை விட்டு வடக்கு நோக்கி வெள்ளறடைக்கு ஏறிச் செல்லும் பாதை, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டபோது வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டை வெகுதூரம் விலகாமலே, ரப்பர் தோட்டங்களுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் ஊடாக வளைந்து வளைந்து போகிறது. கடைப் பலகையில் மலையாளமும் கடைக்குள் நடக்கும் பேச்சில் தமிழுமாக வாழும் இக்கிராமங்களில், தமிழ்ப் படத்தையும் மலையாளப் படத்தையும் மாறி மாறி ஓட்டிய சினிமாக் கொட்டகைகள் ஒரு காலத்தில் இருந்தன. அவற்றில் படம் பார்த்தவர்கள் நடிகர்களைப் பற்றியும் பாட்டுகளைப் பற்றியும் இன்றும் ஆசையோடு பேசுகிறார்கள். அந்த நடிகர்களின் முகத்தைத் திரையில் தெரியச் செய்த கரி விளக்கைப் பற்றியும், அதன் அருகே வியர்வையில் நனைந்து நின்ற மனிதர்களைப் பற்றியும் பேசுவோர் அநேகமாக இல்லை. அவர்களில் ஒருவரைக் காண்பதற்கென்றே நான் வெள்ளறடைக்குப் போனேன்.

எல்லைக்கு இருபுறமும் பல கொட்டகைகளில் ஆபரேட்டராக வேலை செய்து முதுமையடைந்த அவரை ஊரில் எல்லோரும் ஆசான் என்றே அழைக்கிறார்கள். அவரிடம் சிறுவனாகச் சேர்ந்து ரீல் சுற்றக் கற்றுக்கொண்ட ஒருவர் இப்போது பனச்சமூடு செல்லும் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். தாம் வேலை பழகிய கொட்டகையை இடித்தபோது, பழைய இரும்பு விலைக்கு யாரோ எடுத்துப் போகவிருந்த விளக்குப் பெட்டியைத் தாமே காசு கொடுத்து வாங்கி, எண்ணெய் தடவி, சாக்குப் போர்த்திப் பட்டறையின் மூலையில் வைத்துப் பாதுகாத்து வருகிறார். அதனோடு கிடைத்த கார்பன் குச்சிகளில் மிஞ்சியவை ஒரு தகர டப்பாவில் இருந்தன. அவற்றை எரித்துக் காட்ட வேண்டும் என்று நான் கேட்டபோது ஆசான் சற்று நேரம் யோசித்துவிட்டு, "மிஞ்சினது கொஞ்சம்தான் சாரே. ஆனா வச்சிருந்து என்னத்துக்கு? பாக்கணும்ணு ஆசைப்பட்டு வந்தியள்லா, எரிச்சுத்தான் பாப்போம்" என்றார்.

கொட்டகையில் அந்த விளக்குக்கு நேர்மின்சாரம் கொடுத்த ரெக்டிபையர் எப்போதோ போய்விட்டது. ஆனால் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ரெக்டிபையரே இதற்குப் போதுமானதாயிற்று. இரண்டிலும் நடப்பது ஒரே காரியம்தானே. கறுப்புப் பெட்டியின் பின்புறம் குழிந்த கண்ணாடி, அதன் எதிரே ஒரே கோட்டில் இரண்டு கரிக்குச்சிகள், மேலே புகைபோக்கி, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி பதித்த சிறு ஜன்னல். குச்சிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுப் பிடிகளை ஆசான் துடைத்துத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே, அவருடைய விரல்கள் அந்த வேலையை மறக்கவில்லை என்பது தெரிந்தது.

முதலில் அவர் மாட்டியது பழைய தினுசான தடித்த கரி. இரண்டு நுனிகளையும் ஒரு கணம் தொடவிட்டுப் பிரித்தவுடன் மின்வில் மூண்டது. எதிரே சுண்ணாம்பு அடித்த சுவரில் விழுந்த ஒளி பலமானதுதான். ஆயினும் மஞ்சள் கலந்தது. ஆசான் கறுப்புக் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "நேரே பாக்கப்பிடாது, கண்ணு போவும். இது வழியாட்டுப் பாருங்க. வெட்டம் எங்கேருந்து வருதுன்னு தெரியுதா?" என்று கேட்டார். இரண்டு குச்சிகளுக்கும் இடையிலுள்ள சுவாலையே ஒளிக்குக் காரணம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அந்தச் சுவாலையின் பங்கு மிகச் சொற்பம். பாசிட்டிவ் கரியின் நுனியில் ஒரு சிறு குழி விழுந்து, அதன் அடிப்பரப்பு வெண்மையாகக் கனன்றுகொண்டிருந்தது. மொத்தப் பிரகாசத்தில் பெரும்பாகம் அந்தக் குழியிலிருந்தே புறப்படுகிறது.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாயிரம் கலங்கள் கொண்ட மின்கல அடுக்கை இணைத்து இரண்டு கரித்துண்டுகளுக்கிடையே மூட்டிக் காட்டிய வில்லும் இதுவே. அதன் பிறகு நெடுங்காலம் அறிஞர்கள் இதன் வெளிச்சத்தைப் பெருக்கப் பாடுபட்டு, ஒரு தடையில் வந்து முட்டிக்கொண்டார்கள். கரி உருகுவதில்லை, ஏறக்குறைய 3,600 டிகிரி உஷ்ணத்தில் நேராக ஆவியாகிவிடுகிறது. கொதிக்கிற உலைக்கு எவ்வளவு விறகு தள்ளினாலும் தண்ணீரின் சூடு ஏறாததைப் போல, எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அந்தக் குழியின் உஷ்ணம் அதற்கு மேல் ஏறாது; குழியின் அகலம் கூடுமே ஒழிய, அதன் தீக்ஷண்யம் கூடாது. காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள் வில்லை அடைத்துப் பார்த்தார்கள். கரி நூறு மணி நேரம் வரை தாக்குப்பிடித்தது, ஆனால் வெளிச்சம் குறைந்து ஊதா நிறம் படர்ந்தது. குச்சியின் ஆயுளைக் கூட்டினால் ஒளி கெடுகிறது, ஒளியைக் கூட்டினால் ஆயுள் போகிறது என்னும் சங்கடத்திலேயே அந்த நூற்றாண்டு முடிய இருந்தது.

இதை நான் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கையில் விளக்கு திடீரெனச் சீறத் தொடங்கிற்று. ஆசான் திரும்பிப் பாராமலே, "லேய் மக்ளே, கரண்டைக் கொஞ்சம் தாத்து" என்று சீடரிடம் சொல்ல, அவர் ரெக்டிபையரின் கைப்பிடியைத் திருப்ப, சீற்றம் அடங்கியது. இந்தச் சீற்றத்தின் காரணத்தை முதன்முதலாக ஆராய்ந்து நிரூபித்தவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி. மின்சாரம் மிகும்போது குழி பெரிதாகிக் கரியின் நுனியில் அடங்காமல் பக்கவாட்டில் ஏறுகிறது; அங்கே காற்றிலுள்ள பிராணவாயு கனலும் கரியை நேரடியாகத் தீண்டுவதால் சீறுகிறது என்று அவர் 1899-இல் இங்கிலாந்தின் மின்பொறியாளர் சங்கத்தில் தாமே கட்டுரை வாசித்து விளக்கினார்; அச்சங்கத்தில் அவ்வாறு வாசித்த முதல் பெண்மணியும் அவரே. அவருடைய பெயர் ஆசானுக்குத் தெரியாது. ஆனால் அவர் கண்டறிந்த உண்மையை ஆசானின் செவி தன் அனுபவத்தால் தனியே அறிந்து வைத்திருந்தது என்பதை நான் அந்தப் பட்டறையில் பிரத்தியட்சமாகக் கண்டேன். புத்தக ஞானத்துக்குக் கொடுக்கும் மரியாதையில் குறைவில்லாத மரியாதை அந்தச் செவிக்கும் உரியது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பிறகு ஆசான் டப்பாவிலிருந்து மெல்லிய குச்சி ஒன்றை எடுத்தார். ஏழு மில்லிமீட்டர் கனம். மேலே செம்புப் பூச்சு. உடைந்த முனையை வெளிச்சத்தில் காட்டியபோது, நடுவே வேறு நிறத்தில் ஒரு திரி ஓடுவது தெரிந்தது. "விஷயமெல்லாம் இந்த நடுவுல இருக்கப்பட்ட மருந்துல ஆக்கும்" என்றார். ஐம்பது ஆம்பியர் வைத்து மூட்டியதும், சுவரில் அதுவரை மஞ்சளாகத் தெரிந்த சுண்ணாம்பு பகல் வெயிலில் இருப்பது போன்ற வெண்மையைப் பெற்றது. மெல்லிய குச்சிதான், ஆனாலும் தடித்த கரி கொடுத்ததைவிடப் பன்மடங்கு பிரகாசம். பட்டறைக்கு வெளியே நின்ற சிறுவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்க்க, சீடர் அவர்களை அதட்டி அப்பால் நிறுத்தினார்.

கரியை இன்னும் சூடாக்க முடியாதென்றால், கரிக்குள் வேறொரு பதார்த்தத்தை வைத்து அதன் ஆவியை ஒளிவிடச் செய்யலாமே என்ற எண்ணமே இந்த மாறுதலுக்கு மூலம். ஜெர்மானியராகிய ஹ்யூகோ பிரெமர் கரியில் கால்சியம் ஃப்ளூரைடு முதலிய உப்புகளைக் கலந்து செய்த விளக்குகள் 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஜனங்களை வியப்பில் ஆழ்த்தின. கால்சியம் சேர்ந்தால் பொன்மஞ்சள், ஸ்ட்ரான்ஷியம் சேர்ந்தால் சிவப்பு என வேண்டிய வர்ணத்தைப் பெறலாம். அதே மின்சாரத்துக்கு வெளிச்சமோ இரண்டு மூன்று மடங்கு. வெள்ளை ஒளி வேண்டுமானால் சீரியம் முதலான அரிய மண் உலோகங்களின் ஃப்ளூரைடே உத்தமம் என்று கண்டார்கள். சீரியத்தின் ஆவி எண்ணிறந்த நிறக்கோடுகளை நெருக்கமாக வெளியிடுவதால், அவை யாவும் கலந்து சூரிய ஒளிக்குச் சமீபமான வெண்மையாகக் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அந்தத் திரி வைத்த மெல்லிய கரியில் அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தைச் செலுத்தினால் குழி ஆழ்ந்த கிண்ணமாகி அதனுள் சீரிய ஆவி நிரம்பி நிற்கும் என்பதை ஹைன்ரிக் பெக் என்ற மற்றொரு ஜெர்மானியர் கண்டுபிடிக்க, அமெரிக்காவில் எல்மர் ஸ்பெரி அதைக் கடற்படையின் தேடுவிளக்குகளுக்குத் தக்கபடி திருத்தியமைத்தார். யுத்தத்துக்குப் பிறந்த அந்த ஒளி பிற்பாடு சினிமாக் கொட்டகைக்கு வந்தது.

சீரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை வெள்ளறடைக்குத் தெற்கே, இதே பழைய திருவிதாங்கூர்ச் சீமையின் கடற்கரையில் கிடைக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், அதன் பிறப்பிடத்தைத் தேடிவந்து 1909-இல் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் என்னும் தாதுவைக் கண்டார். ஜெர்மானியருக்கு அதிலிருந்து வேண்டியிருந்தது கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியம். மேன்டிலில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரே பங்கு சீரியம் ஆக்ஸைடும் சேர்வதால், மோனசைட்டில் தோரியத்தைவிட மிகுதியாக இருந்த சீரியம் மலைமலையாக மிஞ்சியது. அந்த மிச்சம் சிகரெட் லைட்டரின் தீக்கல்லாயிற்று. கரிக்குச்சியின் நடுத் திரியுமாயிற்று. எந்தக் குச்சியில் எந்தக் கரையின் உப்பு இருந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் அந்நாளில் உலகத்துக்கு மோனசைட் கொடுத்தவை முக்கியமாகப் பிரேசிலும் திருவிதாங்கூருமே. இந்தச் செய்தியை நான் சொன்னபோது ஆசான் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். "நம்ம மணவாளக்குறிச்சி மண்ணா? பெட்டி மேல சீமைப் பேருல்லா எழுதியிருக்கும்!" என்றார்.

சீரியத் திரி ஒளியைக் கொடுத்தது. அந்த ஒளியை நிலைநிறுத்தியது ஆபரேட்டரின் கை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சம் சற்று மஞ்சளித்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. 1964-இல் 'காதலிக்க நேரமில்லை', 1965-இல் 'செம்மீன்' என்று ஈஸ்ட்மன் வர்ணப் படங்கள் வரத் தொடங்கியபின், விளக்கின் நிறம் மாறினால் நடிகையின் முகத்தின் நிறமும் மாறியது. பாசிட்டிவ் கரியின் குழி கண்ணாடியின் குவிமையத்தில் நிற்க வேண்டும். சிறிது ஒருபக்கம் விலகினால் திரையில் பழுப்பு படரும், மறுபக்கம் விலகினால் நீலம் பாயும். கரியோ கணந்தோறும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாயிரம் அடி ரீல் ஓடும் இருபத்திரண்டு நிமிஷமும் ஆபரேட்டர் திரையின் நிறத்தைப் பார்த்தே திருகை நகர்த்தியாக வேண்டும். "கதை என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது சாரே. சட்டையோட வெள்ளை, சோறோட வெள்ளை, இதைத்தான் நான் பாப்பேன். சோறு மஞ்சளிச்சா கை தானே திருகுக்குப் போவும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் மெய்ம்மறந்தேன்.

சிக்கனமும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. கார்பன் விலை கூடியது. கொட்டகைக்காரர்கள் எண்ணிக் கொடுப்பார்கள். எரிந்து மிஞ்சிய கட்டைகளின் முனையைக் குடைந்து ஒன்றோடொன்று இணைத்து எரிப்பார்களாம்; இணைப்பு வரும் வேளையில் வெளிச்சம் துள்ளும், அதையும் திருகைக் கொண்டே சமாளிக்க வேண்டும். பெட்டிக்குள் சொட்டி உறைந்த செம்புத் துளிகளைப் பொறுக்கிச் சேர்த்து விற்றுப் பண்டிகைக்குத் துணி எடுத்ததை ஆசான் சந்தோஷமாக நினைவுகூர்ந்தார். ஆனால் புகைபோக்கி அடைத்துக்கொண்ட கொட்டகைகளில் வெண்சாம்பலும் காரமான புகையும் அறைக்குள்ளேயே சுழன்றதையும், இரவில் கண்ணில் மணல் விழுந்தது போன்ற எரிச்சலோடு படுத்ததையும் அவர் சொன்னபோது சீடர் தலைகுனிந்து நின்றார். ஒளியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெர்லினையும் நியூயார்க்கையும் எழுதுகிறார்கள்; எழுதட்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களை எழுதாமல் விட்ட வரலாறு பூரணமாகாது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பின்னால் செனான் விளக்கு வந்தது. அதுவும் வில்தான், கரி இல்லாமல் கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்டு, கை படாமலே மணிக்கணக்கில் ஒரே வெண்மையில் எரிகிறது. அது வந்ததும் ஆசானின் கைக்கு வேலை இல்லாமற் போயிற்று. அதைக் குறித்து அவர் வருந்தவில்லை. புகை ஒழிந்தது நல்லதுதான் என்றார். அந்த விளக்கை மூட்ட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று மட்டும் இருமுறை சொன்னார்.

விளக்குப் பெட்டி ஆறுவதற்குள் சீடருக்குக் கேட் வேலை ஒன்று வந்துவிட்டது. அவர் எடுத்த வெல்டிங் ராடின் மேலுள்ள சாம்பல் நிறப் பூச்சைக் காட்டி, அதில் ரூட்டைல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதனால்தான் வில் அறுபடாமல் நிற்கிறது என்றார். ரூட்டைல் என்பது டைட்டானியம் ஆக்ஸைடு. மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் மோனசைட்டோடும் இல்மனைட்டோடும் கூடக் கிடப்பது. அமெரிக்கத் தெருக்களுக்காக ஸ்டெயின்மெட்ஸ் என்ற பொறியாளர் அமைத்த வில்விளக்கில் இரும்புக் குழாய்க்குள் மேக்னடைட்டோடு சேர்த்து இடிக்கப்பட்டதும் டைட்டானியம் ஆக்ஸைடுதான். சீடர் முகமூடியை இறக்கி வில்லை மூட்டினார். ஆசான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "லேய், இடைவெளி கூடுது, அடுப்பிச்சுப் பிடி" என்றார், சத்தம் சீராயிற்று.