நன்றி சொன்ன சேர்வர்

போன தவணை நாங்கள் நாலு பேர், கலைப்பீடத்துப் பிள்ளைகள், ஒரு சின்ன வெப் சேர்வர் எழுதினோம். ஊர்த் தாலாட்டுகளைச் சேர்க்க வேணும் எண்டதுதான் நோக்கம். படிவத்தில் பாட்டைத் தட்டி அனுப்பினால், எங்கட பழைய விண்டோஸ் மடிக்கணினி அதை ஒரு கோப்பாகச் சேமிக்கும். 'நன்றி, கிடைத்தது' எண்டு பதில் போகும். பைதனில் 50 வரிகூட வராது.

ஏதாவது பிழைச்சால் சேர்வர் நிண்டுபோகுமே எண்டு பயம். எல்லாவற்றையும் ஒரு 'ட்ரை'க்குள் போட்டு, கீழே 'எக்செப்ட்: பாஸ்' எண்டு எழுதினோம். என்ன நடந்தாலும் கண்டுகொள்ளாமல் போ எண்டதுதான் அதன் அர்த்தம். ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' எண்டு அடிச்சுப் பார்த்தோம். வேலை செய்தது.

இரண்டு கிழமை கழிச்சுக் கோப்புறையைத் திறந்தோம். 31 கோப்புகள். எங்கட 'டெஸ்ட்' இரண்டைத் தவிர மிச்சமெல்லாம் 0 பைட்.

எந்தக் குறியாக்கத்தில் எழுதுவது எண்டு நாங்கள் சொல்லவில்லை. பைதன் விண்டோஸின் பழைய மேற்கத்தேயக் குறியாக்கத்தை எடுத்துக்கொண்டது. அதில் தமிழ் எழுத்தே இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கோப்பு திறந்தது, முதல் எழுத்திலேயே பிழை எழும்பியது, எங்கட 'பாஸ்' அதை விழுங்கியது. சேர்வரோ 200, அதாவது எல்லாம் சரி, எண்டு பதில் அனுப்பியது.

'யூடிஎஃப்-8' எண்டு ஒரு சொல் சேர்த்ததும் தமிழ் பதிவாகியது. பெரிய திருத்தம் மற்றது. இப்ப வெறும் படிவம் வந்தால் 400: அனுப்பினவர் பார்க்க வேண்டிய பிழை. எங்களால் சேமிக்க முடியாவிட்டால் 500: எங்கட பிழை. 'சேமிக்கவில்லை, பாட்டைக் கொப்பி பண்ணி வையுங்கோ' எண்டு அவருக்குச் சொல்லுறம். முழு விபரமும் நேரத்தோட எங்கட பதிவேட்டில் விழும். ஒரு கோரிக்கை பிழைச்சாலும் சேர்வர் அடுத்ததுக்குப் பதில் சொல்லும். பிழையைப் பிடிக்கிறது அதுக்குத்தான், மறைக்க இல்லை.

அனுப்பினவர்களிடம் திரும்பவும் கேட்டோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா சொல்லச் சொல்ல, அவள் நேரே படிவத்தில்தான் தட்டியிருந்தாள். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டாந்தரம் பாடேக்க அம்மம்மாவுக்கு நடுவில இரண்டு வரி ஞாபகம் வரவில்லை.

"முந்தித் தந்தனான்தானே பிள்ளை, அதில இருக்கும் பார்" எண்டா.