நுகத்தடியும் டிபரன்ஷியலும்



டிபரன்ஷியலை நான் முதலில் பார்த்தது நம் லேபில் அல்ல, சேற்று வயலில். அப்பா கூலிக்கு டிராக்டர் ஓட்டுபவர்; ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். எனக்குப் பத்து வயதிருக்கும். வரப்போரம் வண்டி மாட்டிக்கொண்டது. சேற்றிலிருந்த சக்கரம் சும்மா சுற்றுகிறது; கெட்டித் தரையிலிருந்த சக்கரம் அசையவே இல்லை. அப்பா ஒரு பெடலை மிதித்தார். வண்டி ஏறி வந்துவிட்டது.

"அது என்னப்பா?"

"லாக்குடா. ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாக் கட்டிப்புடும். திரும்பும்போது காலை எடுத்துடணும்."

எட்டு வருடம் கழித்து வைவாவில் அதே கேள்வி. "வழுக்கும் சக்கரத்துக்கே எல்லா டார்க்கும் போய்விடும் சார்" என்றேன். "தப்பு" என்றார் எக்ஸ்டெர்னல். முகம் தொங்கிப்போய் வீடு திரும்பினேன். விஷயத்தைக் கேட்ட அப்பா சிரித்தார். "நுகத்தடியில ரெண்டு மாடு. ஒண்ணு தளந்தா தடி சாஞ்சிடும். மத்தது பலசாலியா இருந்து என்ன பண்ணும்?"

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அதேதான்! சாதாரண டிபரன்ஷியல் இரு பக்கமும் சம டார்க்தான் கொடுக்கும். வழுக்கும் சக்கரம் தாங்குகிற அளவுதான் மற்றதற்கும்.

நாம் கேண்டீனில் வாய் பிளந்து பேசும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே தொல்லை உண்டு. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறையும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது வீணாகச் சுழலும். 1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் இதனால் திணறின. முழு லாக் போட்டால் கார் திரும்ப அடம் பிடிக்கும். அதனால் வந்ததுதான் லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல்.

கிளட்ச் தட்டு வகையில் ஸ்பிரிங் அழுத்தம் இருப்பதால், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது கொஞ்சம் இழுக்கும். ஆனால் தட்டு தேயும், தனி ஆயில் வேண்டும். அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மேன் 1958-ல் பேட்டன்ட் பெற்ற டார்சன் வகையில் கிளட்ச் தட்டுகள் வேலை செய்வதில்லை, கியர்கள்தான். வழுக்கும் சக்கரம் தாங்குவதைப்போல் சில மடங்கு மற்றதற்குத் தரும். ஆனால் ஒன்று முழுதும் தூக்கிவிட்டால்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே!

ஆக்சிலையும் பார்க்க வேண்டும். ஒரே கட்டையான லைவ் ஆக்சிலில் புரொப்பெல்லர் ஷாப்டின் முறுக்கே ஒரு பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஆனால் உறுதி அதிகம். நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் இன்றும் அதை விடவில்லை. இன்டிபென்டன்ட் வகையில் டிபரன்ஷியல் பாடியோடு போல்ட் செய்யப்பட்டிருக்கும். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் குதித்தால் மற்றது ஆடாது. போர்டு மஸ்டாங் 2015 மாடலில்தான் முழுமையாக இதற்கு மாறியது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப காலை எடுக்க வேண்டிய வேலையை அதுவே பாத்துக்குது, அப்படித்தானே?" என்றார். எக்ஸ்டெர்னல் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

அட்மிஷன் பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் வெட்கப்பட்டு 'விவசாயம்' என்று எழுதியவன் நான். இந்த வருட ஸ்காலர்ஷிப் பாரத்தில் 'டிராக்டர் டிரைவர்' என்று எழுதினேன். கொட்டை எழுத்தில்.