மரநிழலில் மூட்டிய அடுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதி ஊர்ப்பெயர்களுள் நுணாவில், மட்டுவில், மிருசுவில் என ‘வில்’ என்னும் ஈற்றில் முடிவன சில உள்ளன. அந்த ஈறு அம்பெய்யும் வில்லைக் குறித்ததன்று. மழைநீர் தேங்கும் தாழ்நிலத்தையும் சிறு குளத்தையும் குறித்தது என்று இடப்பெயர் ஆய்வாளர் பொருள் கொள்வர். குளத்தைச் சுட்டும் ‘வில’ என்ற சிங்களச் சொல்லும், வில்பத்துக் காட்டின் இயற்கை நீர்நிலைகளை இன்றும் ‘வில்லு’ என்றே அழைக்கும் வழக்கும் இதற்குத் துணைநிற்கின்றன. வற்றாத ஆறு எதுவும் ஓடாத, சுண்ணக்கல்லின் மேல் அமைந்த குடாநாட்டில், மாரிமழை தங்கும் இடத்தையே ஊரின் பெயராக்கிக்கொண்ட மக்கள் நீரை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் அந்த நீர்நிலைகளை அவர்கள் பொழுதுபோக்காகப் பார்க்கச் சென்றதில்லை. குளம் வயலுக்கும் மாட்டுக்கும் உரியது. தெற்கே கச்சாய், தனங்கிளப்புக் கரைகளில் விரியும் பரவைக்கடல், அதாவது ஆழங்குறைந்த கடலேரி, சிறகுவலை கட்டி இறாலும் நண்டும் பிடிக்கும் தொழிற்களம்.

பொழுதுபோக்கென நீர்நிலைக்குச் செல்லாத அந்தத் தென்மராட்சியில், கண்டி வீதியில் யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே அமைந்த சாவகச்சேரியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டுக் கனடாவுக்குப் பெயர்ந்த குடும்பங்கள், கோடை பிறந்ததும் ரொறன்ரோவின் பூங்காக்களில் கூடுகின்றன. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் இக்கூட்டத்துக்கு ‘ஒன்றுகூடல்’ என்று பெயர். ஆனி இறுதியிலிருந்து ஆவணி வரையிலான சனி ஞாயிறுகளில் ஸ்காபரோவின் மில்லிக்கன் பூங்காவிலோ மோர்னிங்சைட் பூங்காவிலோ நடந்து செல்பவர், ஒரு மரத்தடியில் ஓர் ஊரையும் அடுத்த மரத்தடியில் இன்னோர் ஊரையும் காணலாம். இதை மேலைநாட்டாரின் ‘பிக்னிக்’ வழக்கத்தைத் தமிழர் பார்த்துப் பழகியது என்று கொள்பவர் உண்டு. அது மேலோட்டமான பார்வை. பிக்னிக் செல்பவர் வீட்டில் ஆக்கிய உணவைக் கூடையில் கொண்டுபோய்ப் புல்வெளியில் இருந்து உண்கிறார். தென்மராட்சியார் மரநிழலில் அடுப்பு மூட்டிக் கூடிச் சமைப்பதற்காகவே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். இவ்வழக்கத்தின் வேரை மில்லிக்கனில் தேடுவதைவிட மட்டுவிலில் தேடுவதே முறை.

மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் பங்குனித் திங்கள் என்பது பங்குனி மாதத்துத் திங்கட்கிழமைகளில் நிகழும் வழிபாட்டைக் குறிக்கும். தை, மாசியில் நெல் அறுவடை முடிந்துவிடுகிறது. மாரிநீர் வற்றி வெயில் ஏறத் தொடங்குகிறது. அம்மை முதலிய வெப்புநோய்களை அஞ்சும் அக்காலத்தில் அம்மனைக் குளிர்விக்கப் பொங்குவது மரபு. கோயிலைச் சூழ்ந்த வெளியில் குடும்பம் குடும்பமாகக் கல் வைத்து, தென்னம்பாளையும் பனைமட்டையும் எரித்துப் பொங்குவர். பொங்கலுடன் கத்தரிக்காய்க் கறியும் ஆக்கிப் படைப்பது இக்கோயிலின் தனிச்சிறப்பு; மட்டுவில் கத்தரிக்காய் குடாநாடெங்கும் பெயர்பெற்ற விளைபொருளாதலால், ஊர்மண் தந்தது முதலில் அம்மனுக்கு என்ற எண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது. படைத்தபின் அந்த இடத்திலேயே உண்டு, பக்கத்து அடுப்பாருக்கும் கொடுத்து, மீந்ததை வர இயலாத முதியவருக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்வர். தமிழறிஞர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பிறந்த அந்த ஊரில் கல்வியும் பக்தியும் கத்தரித் தோட்டமும் ஒன்றையொன்று விலக்காமல் வாழ்ந்தன.

கூடிச் சமைத்தல், பக்கத்தாருக்குப் பகிர்தல், வராதவருக்கு எடுத்துச் செல்லுதல் என்னும் இம்மூன்றும் ரொறன்ரோ ஒன்றுகூடலில் அப்படியே இருக்கின்றன. வேறுபாடுகளும் இல்லாமல் இல்லை. கோயில் வெளியில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், நினைத்தும் பார்க்க முடியாதவை. பூங்காவிலோ மதிப்புக்குரிய உணவு ஒடியற்கூழ். பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் கிடைப்பது ஒடியல்; அதன் மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால் இவற்றோடு பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் சேர்த்துப் பெரிய பானையில் காய்ச்சுவர். மாவை எப்போது விடுவது என்பதில்தான் கூழின் பக்குவம் தங்கியிருக்கிறது: மரவள்ளி அவியுமுன் விட்டால் கிழங்கு வேகாமல் நிற்கும், விட்டபின் துழாவாமல் இருந்தால் அடிப்பிடிக்கும். ஆகவே ஒருவர் அகப்பையைக் கையிலிருந்து இறக்காமல் நிற்க, இன்னொருவர் உப்புப் புளி பார்க்க, சுற்றி நிற்பவர்கள் தம் தாய்மார் காய்ச்சிய விதத்தை எடுத்துரைக்க, அங்கே ஓர் ஊரின் பேச்சு முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. கூழைப் பிளாவில், அதாவது பனையோலையை மடித்துக் கட்டிய கோப்பையில், குடிப்பதே முறை. அங்கே பனையோலை கிடையாதாகையால் கடதாசிக் கோப்பை அவ்விடத்தைப் பிடித்துள்ளது. ஓலையின் மணம் கூழோடு சேராத குறையை மூத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்கள், அது நியாயமான குறையே.

விளையாட்டுகளுள் கயிறு இழுத்தலும் சங்கீதக் கதிரையும் தேசிக்காய் ஓட்டமும் தங்குதடையின்றிப் பெயர்ந்து வந்துவிட்டன. கிளித்தட்டு மட்டும் இடர்ப்பட்டது. நிலத்தில் நீண்ட பெட்டியாகக் கோடு கீறி, குறுக்குக் கோடுகளில் காவல் நிற்போரையும் நடுக்கோட்டில் ஓடும் ‘கிளி’யையும் தப்பி மறுபுறம் சென்று மீளும் இவ்விளையாட்டுக்குத் தென்மராட்சியின் மணல்நிலம் மிகப் பொருத்தமானது, கால் பெருவிரலால் இழுத்தாலே கோடு விழும். புல்வெளியில் அவ்வாறு கீற இயலாது; கயிறு பரப்பியோ வெள்ளை மா தூவியோ கோடு போட வேண்டும். அவ்வாறு ஒருமுறை போட்டுக் காட்டினால், கனடாவிலேயே பிறந்த பிள்ளைகள் தமிழில் எண்ணத் தடுமாறினாலும் கிளியைத் தப்பத் தடுமாறுவதில்லை.

மரத்தடி அடுப்பு எல்லோருக்கும் ஒரே நினைவைத் தருவதில்லை என்பதையும் இங்கே பதிய வேண்டும். போரினால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி குடாநாட்டின் மேற்கிலுள்ள வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து நாவற்குழி, கைதடி வழியாகத் தென்மராட்சிக்குள் வந்தபோது, சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோயில் மடங்களும் நிறைந்து, மாமரங்களின் கீழும் பலாமரங்களின் கீழும் மூன்று கல் வைத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச நேர்ந்தது. தென்மராட்சி வீட்டார் தம் கிணற்றையும் வளவையும் வந்தவர்க்குத் திறந்துவிட்டனர். ஐந்து ஆண்டுகளுக்குள், 2000ஆம் ஆண்டின் போரில், சாவகச்சேரி நகரமே இடிந்து தரைமட்டமாயிற்று. தென்னைகள் தலையிழந்து நின்றன. இடங்கொடுத்தவர்களே இடந்தேடி அலைந்தனர். இன்று ரொறன்ரோப் பூங்காவில் புகை எழும்போது சற்றுத் தள்ளிப் போய் அமரும் மூதாட்டியை ‘புகை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் எண்ணிவிடலாகாது. கூட்டத்தின் நடுவில் சேரும் பணம் ஊர்ப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் செல்வதன் காரணமும் அந்த அழிவின் நினைவில்தான் இருக்கிறது.

பூங்காவிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகும் குடும்பங்கள் ஒரு வியப்பை எதிர்கொள்கின்றன. ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர் பரந்த அந்த ஏரி, இலங்கைத் தீவின் பரப்பில் கால் பங்கைவிடப் பெரியது. மறுகரை தெரியாது, அலையும் அடிக்கும், ஆனால் நீர் உப்பில்லாதது. மாரி கழிந்ததும் கிணறு உவர்க்கத் தொடங்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, இவ்வளவு நன்னீர் காவலின்றிக் கிடப்பதைக் காணும்போது மகிழ்ச்சியைவிட ஏக்கமே மிகுகிறது. மழைநீரைக் கடலுக்கு விடாமல் ஆனையிறவு, வடமராட்சிக் கடலேரிகளில் மறித்து நன்னீராக்கும் திட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று முன்வைத்தார். அது இன்னும் முழுமை பெறாதிருப்பது அந்த ஏக்கத்தின் ஒரு பகுதி.

அண்மைக்கால ஒன்றுகூடல்களில் அடுப்புகள் குறைந்து, உணவகங்களிலிருந்து அலுமினியத் தட்டுகளில் வரும் கொத்துரொட்டியும் சோறும் பெருகியுள்ளன. ஆட்கள் களைத்துவிட்டனர், பெரிய கூட்டத்துக்கு நகராட்சியிடம் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும், தணலை உரிய தொட்டியில்தான் கொட்ட வேண்டும் என்னும் காரணங்கள் மெய்யானவை. ஆயினும் தட்டு வந்த இடத்தில் வரிசை உண்டாகிறது, பேச்சு உண்டாவதில்லை. எல்லா உணவும் வெளியிலிருந்து வந்தாலும் ஒரு கூழ்ப்பானையையாவது சங்கங்கள் விட்டுவிடாமல் வைத்திருக்க வேண்டும். பழப்புளி கரைக்கும் வேலையை இளையவரிடம் ஒப்படைக்கவும் வேண்டும்.

இவ்வழக்கத்தின் மூலத்தையே காண விரும்புவோருக்கு நாட்காட்டியும் இடந்தருகிறது. ஒன்ராறியோப் பாடசாலைகளுக்கு மார்ச் நடுப்பகுதியில் ஒரு வார விடுமுறை உண்டு. பங்குனி பிறப்பதும் மார்ச் 14ஆம் திகதியளவில். 1990இல் நின்றுபோய் 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்ட ரயிலில் கொழும்பிலிருந்து புறப்படும் குடும்பம் சாவகச்சேரி நிலையத்தில் இறங்கி, சந்தையில் கத்தரிக்காயும் பானையும் வாங்கிக்கொண்டு, முதலாவது பங்குனித் திங்களுக்கு மட்டுவில் போய்ச் சேர்ந்துவிடலாம்.