ஊக்கு, பொத்தான், காசு

பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் சில இழுப்பறைகள் இருக்கின்றன. இழுத்துப் பார்த்தால் 2,374 பொருள்கள். ஊக்கு, பொத்தான், காசு, ஆணி, பொம்மை பைனாகுலர், சின்னப் பூட்டு. ஒருநாளும் லீவு போடாமல் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்குக் கொடுத்த பரிசு பேட்ஜ்கூட ஒன்று உண்டு. எல்லாம் யாரோ ஒருவருடைய உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயிலோ மாட்டியிருந்தவை. எடுத்து வைத்தவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958) என்ற தொண்டை மருத்துவர். விழுங்கியவரே வந்து திருப்பிக் கேட்டாலும் தரமாட்டாராம்.

அவசரப் பிரிவுக்கு வருகிற விநோதக் கேஸ் என்றாலே நம்மில் பலருக்கு முதலில் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. மூக்குத்தித் திருகாணி மூச்சுக்குழாயில் இறங்கி, இருமி இருமிச் சோர்ந்து வருகிற பெண்ணிடம் போய் அதை வேடிக்கை என்று சொல்ல முடியுமா?

ஜாக்சன் வேடிக்கை பார்த்தவர் அல்லர். திறந்த ஊக்கு ஒன்று, கூர்முனை மேலே பார்த்தபடி குழந்தையின் உணவுக்குழாயில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே இழுத்தால் சுவரைக் கிழித்துவிடும். அவர் அதை வெளியே இழுக்காமல் இரைப்பைக்குள் தள்ளுவார். அங்கே இடம் தாராளம். ஊக்கைத் திருப்பி, வளைந்த பக்கம் முன்னால் வர, கூர்முனை பின்னால் இழுபட்டு வருமாறு மெதுவாக வெளியே கொண்டுவருவார். முன்னால் போகிற முனைதான் குத்தும். பின்னால் வருவது குத்தாது. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்காமலே இதைச் செய்தார். சிக்கலான பொருளென்றால் அதே போன்ற இன்னொன்றை வாங்கி முதலில் கை பழகிக்கொள்வார். அந்தப் பொறுமையை நினைக்க நினைக்க எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

1938-இல் வந்த அவருடைய சுயசரிதையில் ஒரு சிறுமி வருகிறாள். காஸ்டிக் சோடாவை விழுங்கியவள். அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் சோப்புக் காய்ச்சவும் சாக்கடை அடைப்பு நீக்கவும் அதை வாங்கி வைப்பார்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும்; டப்பாவில் எச்சரிக்கை எதுவும் இருக்காது. வெந்த தொண்டை தழும்பேறிச் சுருங்கிவிட்டது. பல நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஜாக்சன் குழாயை உள்ளே விட்டு, அடைத்துக்கொண்டிருந்த சாம்பல்நிறக் கட்டியை எடுத்தார். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வந்துவிடும் என்ற பயத்தோடு சிறுமி ஒரு மிடறு குடித்தாள். வரவில்லை. இன்னொரு மிடறு. அதுவும் இறங்கியது. நர்ஸின் கையை மெல்ல விலக்கிவிட்டு, ஜாக்சனின் கையை எடுத்து முத்தமிட்டாள்.

அதோடு திருப்திப்பட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. இந்த மாதிரி டப்பாக்களில் ‘நஞ்சு’ என்று அச்சிட்டே ஆக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். 1927-இல் அமெரிக்கா அதற்காகவே ஒரு சட்டம் போட்டது. விழுங்கிய பொருளையெல்லாம் அவர் பத்திரப்படுத்தியதன் அருமை இங்கேதான் எனக்குப் புரிகிறது. ஒரே மாதிரி ஊக்கு திரும்பத் திரும்ப வந்தால் அதைக் குழந்தையின் சேட்டை என்று தள்ளிவிட முடியுமா?

அவர் போராடிய அதே காரம் இன்று வேறு உருவில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. பட்டன் பேட்டரி. ரிமோட், விளக்கு எரியும் பொம்மை, சமையலறைத் தராசு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எல்லாவற்றிலும் இருக்கிறது. குழந்தையின் உணவுக்குழாயில் அது மாட்டினால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்முனையை ஒட்டிக் காரம் ஊறுகிறது. காஸ்டிக் சோடா செய்கிற அதே வேலைதான். 2 மணி நேரத்திலேயே ஆழமான புண்ணாகிவிடும். எக்ஸ்ரேயில் பார்த்தால் காசு போலவே தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று மருத்துவர்கள் உற்றுப் பார்ப்பது அதனால்தான்.

காசை விழுங்கிய பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்துவிடும் என்று காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விழுங்கியது பேட்டரியோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதைக் கடந்த, விழுங்க முடிகிற பிள்ளையாக இருந்து, கையில் தேனும் இருந்தால், மருத்துவமனைக்குப் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் கொடுக்கலாம் என்கிறது அமெரிக்க நச்சு மையத்தின் வழிகாட்டுதல். தேனைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்றைக்கே வீட்டில் உள்ள ரிமோட்டையும் பொம்மையையும் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லையென்றால் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.