டேப்பட் சொல்லும் சேதி

அப்பாவின் பழைய ஹோண்டா கப்பில் 'டிக் டிக்' சத்தம். "இஞ்சினையே மாத்திடுங்க" என்றார் தெரிந்தவர் ஒருவர். நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியைச் சிலிண்டர் ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டேன். வால்வு மூடியருகேதான் சத்தம். புகைக்குழாய் இணைப்பில் கசிந்தாலும் இப்படித்தான் கேட்கும், அங்கே கசிவில்லை.

மறுநாள் காலை, இஞ்சின் சூடேறுமுன், இரு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, டேப்பட் இடைவெளியை 0.05 மில்லிமீட்டராக்கினேன். மேலும் இறுக்கினால் சத்தம் அடங்கும். ஆனால் வால்வு சரியாக மூடாமல் கருகும். லேசான சத்தம் நல்லதே.

2003 ஜூலைக்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பின் பொதுவாக இங்கே ஓட முடியாது. அதுவரை அப்பா தேக்காவுக்கு மீன் வாங்க இதில்தான் போவார்.